விட்டுப்போன வரி

பிப்ரவரி 3, ஞாயிறு

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு இரண்டாம் சாமுவேல் விழுந்தது. சபை தொடங்கி நூற்றைம்பது வருடம் ஆவதால், வேதாகமம் முழுவதையும் சபையாரே கையால் எழுதி ஆலயத்தில் வைப்பதாகத் தீர்மானம். அறுபத்தாறு ஆகமங்களுக்கு அறுபத்தாறு வீடுகள். பக்கத்து வீட்டு ஜோன்ஸுக்கு யூதா நிருபம். ஒரே அதிகாரம், இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். எனக்கு இருபத்துநாலு அதிகாரம் என்றதும் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"ஞானசிகாமணி அண்ணனுக்கு என்ன, கோர்ட்டுல முப்பத்துநாலு வருசம் நகல் எழுதுன கை" என்றான்.

கேலிதான். ஆனாலும் உண்மை. கொலை, கற்பழிப்பு, பாகப்பிரிவினை எல்லாவற்றின் தீர்ப்பும் இந்தக் கையால் நகலாகியிருக்கிறது. ஒரு வரி விட்டுப்போனதாக எந்த நகலும் திரும்பி வந்ததில்லை.

விதிகள்: கறுப்பு மை, கோடு போட்ட பெரிய தாள். அடித்துத் திருத்தக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. பிழை வந்தால் அந்தத் தாளையே மறுபடி எழுத வேண்டும். சரிபார்ப்பவர் சுகிர்தம் டீச்சர். ஒவ்வொரு தாளையும் எழுதியவர் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறும்.

பிப்ரவரி 6

இரண்டு அதிகாரம் முடிந்தது. பெருவிரலில் வலி. மனைவி ரூபவதி தைலம் தேய்த்துவிட்டாள்.

சாப்பாட்டுத் தட்டை மாடியில் கொடுத்துவிட்டு வந்தவள், "அப்பா மாத்திரை போட்டாச்சான்னு கேக்கான்" என்றாள். இந்தக் கேள்வி தினமும் மாடியிலிருந்து கீழே வருகிறது. பதில் மேலே போனதில்லை.

பிப்ரவரி 9

இந்த நோட்டு பிற்பாடு யார் கையிலாவது கிடைத்தால் ஏதாவது கற்பனை செய்துகொள்வார்கள். ஆகவே சங்கதிகளை எழுதிவைக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் மார்ச் 9 காலை, என் மகள் ஹெப்சி, வயது பதினேழு, பிளஸ் டூ இயற்பியல் தேர்வுக்குப் புறப்பட்டாள். வண்டி ஓட்டியவன் அவள் அண்ணன் கிளாட்சன், வயது இருபத்துமூன்று. முந்திய இரவு சிநேகிதன் கல்யாண வீட்டில் விடியும்வரை குடித்திருந்தான். ரயில்வே கேட் வளைவில் நின்றிருந்த மணல் லாரியில் மோதினான். அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவனுக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது. இரத்தப் பரிசோதனையில் மது. மூன்று வருடம் கடுங்காவல்.

அரசுத் தரப்பு ஐந்தாம் சாட்சி நான். அவனுக்குக் குடிப்பழக்கம் உண்டு, இரண்டு தடவை கண்டித்திருக்கிறேன் என்று சொன்னேன். பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கூண்டில் ஏறிய மனுஷன் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. நான் அதைத் தேடிப் போகவில்லை.

தண்டனை முடிந்து அவன் வந்தபோது ரூபவதி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். வரட்டும் என்றேன். மாடி அறையில் இருக்கட்டும், வெளிப்பக்கம் படி இருக்கிறது, என் முகத்தில் மட்டும் விழிக்கக் கூடாது என்றேன். இருபது மாதமாகிறது. நான் சொன்ன சொல்லை அவன் மீறவில்லை. விடியுமுன் மரக்கடை வேலைக்குப் போகிறான், நான் ஜெபத்துக்கு உட்கார்ந்தபின் வருகிறான். இவ்வளவுதான் சங்கதி.

பிப்ரவரி 15

பன்னிரண்டாம் அதிகாரம் தடையில்லாமல் ஓடியது. தீர்க்கதரிசி ஒருவர், அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜாவிடம் வந்து, ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்டான் என்கிறார். அவன் சாக வேண்டும் என்று ராஜா கொதிக்கிறார். அந்த ஆள் நீர்தான் என்கிறார் தீர்க்கதரிசி. நல்ல குறுக்கு விசாரணை. எங்கள் கோர்ட்டில் இப்படிக் கேட்கத் தெரிந்த வக்கீல் இரண்டு பேர்கூட இல்லை.

பிறகு ராஜாவின் குழந்தை செத்துப்போகிறது. குற்றம் தகப்பனுடையது, போனது பிள்ளை. இந்த நீதி எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் நகல் எழுதுகிறவன் தீர்ப்பைக் கேள்வி கேட்பதில்லை. பிழையில்லாமல் முடித்தேன்.

பிப்ரவரி 18

பதினாலாம் அதிகாரம். அண்ணனைக் கொன்றுவிட்டு ஓடிப்போன தன் மகன் அப்சலோமை ராஜா தாவீது திரும்ப வரவழைக்கிறார். ஊருக்குள் வரலாம், தன் வீட்டில் இருக்கலாம், ஆனால் ராஜாவின் முகத்தைப் பார்க்கக் கூடாது. முழுதாக இரண்டு வருடம்.

எனக்கு உள்ளபடியே ஆறுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு நான் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் கோர்ட்டில் எடுத்துக்காட்டுவதுபோல எனக்கு ஒரு முன்தீர்ப்பு இருக்கிறது. ரூபவதியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"அதுக்கப்புறம் அந்த ராசா நல்லா இருந்தாராக்கும்?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

பிப்ரவரி 20

மோட்டார் பழுது. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. இருட்டோடு யாரோ குடத்தில் தண்ணீர் சுமந்து மாடிப்படி ஏறும் சத்தம். பதினேழு படி. நான் நின்று கட்டிய படிதான்.

பிப்ரவரி 24, ஞாயிறு

பதினைந்து அதிகாரங்களைச் சுகிர்தம் டீச்சரிடம் ஒப்படைத்தேன். அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து டீச்சர் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"அண்ணாச்சி, ஒரு வசனம் விட்டுப்போச்சு. பதினாலுல பதினாலாவது."

இருக்காது என்றேன். காட்டினார். பதின்மூன்று இருந்தது, பதினைந்து இருந்தது. நடுவில் இல்லை.

தெக்கோவா ஊரிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை ராஜாவிடம் சொல்வது அது. நாமெல்லாரும் தரையில் கொட்டிய தண்ணீர் மாதிரி, திரும்ப அள்ள முடியாது. ஆனாலும் துரத்திவிடப்பட்டவன் துரத்தப்பட்டவனாகவே போய்விடக் கூடாதென்று கடவுள் வழி யோசித்துக்கொண்டிருக்கிறார் என்கிறாள்.

"அன்னைக்கு குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்றேன்.

"எல்லாருக்கும் விடத்தான் செய்யும் அண்ணாச்சி. எனக்கு எண்ணாகமத்துல ஒரு கோத்திரமே விட்டுப்போச்சு. ஆனா நீங்க..." என்று நிறுத்திவிட்டு மிச்சக் காப்பியைக் குடித்தார்.

மார்ச் 4

தாளை மறுபடி எழுத உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் பேனா மை கக்கிவிட்டது. தாள் போச்சு.

மார்ச் 5

இன்னும் இரண்டு தாள் போச்சு. சர்க்கரை கூடியிருக்கும். ஒரு தாளைப் பாக்கி வைத்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போகும் பழக்கம் எனக்கில்லை. வேலை நின்றுவிட்டது.

மார்ச் 7

சனிக்கிழமை ஹெப்சியின் நினைவு நாள். வழக்கம்போல வீட்டில் ஜெபக் கூட்டம்.

"அன்னைக்கு மட்டும் அவன் கீழ வரட்டும். அவனுக்கும் தங்கச்சிதான" என்றாள் ரூபவதி.

முடியாது என்றேன். அவள் வழக்கமாக அழுவாள், நான் வழக்கமாக எழுந்து போவேன். இன்று அழவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே பேசினாள்.

"எனக்கு ரெண்டு பிள்ள. ஒண்ண மண்ணு வாங்கிட்டு. இன்னொண்ண நீங்க மாடில வச்சிருக்கீய. யாராவது உங்களுக்கு எத்தன பிள்ளன்னு கேட்டா, நான் என்ன சொல்லட்டும்? கோர்ட்டுல இருந்தவுகதான நீங்க, சொல்லுங்க."

அந்தத் தெக்கோவாக்காரியும் ராஜாவிடம் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறாள். இரண்டு மகன்கள், ஒருவனை மற்றவன் அடித்துக் கொன்றுவிட்டான், மிஞ்சியிருக்கும் ஒரே நெருப்புக் கங்கையும் அணைத்துவிடப் பார்க்கிறார்கள் என்று. ரூபவதிக்கு அந்த அதிகாரம் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் முடியாது என்றுதான் சொன்னேன்.

மார்ச் 9, சனி

முப்பது பேர் வந்திருந்தார்கள். பழைய போதகர் சாமிதாஸ் ஐயாவும் நாசரேத்திலிருந்து வந்திருந்தார். "அன்னைக்குக் காலைல நான் இந்த ஹால்லதான் இருந்தேன். பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு ஜெபம் பண்ணி அனுப்பினேன்" என்றார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. கிளாட்சன் எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன்.

கீர்த்தனை பாடும்போது மேலேயிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. தாழ்ந்த குரல். ஹெப்சி பாடகர் குழுவில் இருந்தபோது அவனும் அவளும் அப்படித்தான் பாடுவார்கள், அவள் மேலே, அவன் கீழே. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கடைசிச் சரணத்தை விட்டுவிட்டு நான் ஜெபத்தை ஆரம்பித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் மேசைமேல் அந்தத் தாள் இருந்தது. முழுவதும் எழுதி முடித்து, பதினாலாம் வசனமும் அதன் இடத்தில் இருந்தது. ஒரு பிழை இல்லை. என் கையெழுத்து.

நான் எழுதவில்லை.

நாலு கோடு நோட்டில் கிளாட்சனின் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவன் நான். வரி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு இடம் விடும் என் வழக்கம்வரை அப்படியே இருந்தது. டீச்சருக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

"ரூபவதி, அவன் எங்க?"

"தாள எங்கிட்ட குடுத்துட்டு விடியக்காலமே போயிட்டான்."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

"செங்கோட்டைல முதலாளிக்கு இன்னொரு மரக்கடை இருக்குல்லா, அங்க. இனி அங்கயே தங்கிக்கிடுவானாம். கூரையப் பாத்து நாலு பேர் பேசுதுக்கு நான் ஏன் இருக்கணும்னு கேட்டான். நான் என்ன பதில் சொல்ல?"

மாடிக்கு ஏறினேன். பதினேழு படிக்கு இரண்டு இடத்தில் நின்றேன். பாய் சுருட்டி வைத்திருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. மூலையில் கசங்கிய தாள்கள் நாலு. பிரித்துப் பார்த்தேன். நாலும் அந்த வசனம்வரை சுத்தமாக இருந்தன. அந்த வசனத்தில் மட்டும் மை நனைந்து கலைந்திருந்தது. அவனுக்கும் அந்த இடம் லேசில் வரவில்லை.

ஆலயத்துக்குப் போகவில்லை.

மார்ச் 11

பிப்ரவரி 9-ம் தேதி எழுதிய சங்கதிகளில் ஒரு வரி விட்டுவிட்டேன். அதை இப்போது எழுதுகிறேன்.

அன்று காலை போதகர் ஹாலில் இருந்தார். கிளாட்சன் பின்வாசல் வழியாக வந்தான். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. போதகர் முன்னால் அப்படி நிற்க வேண்டாம் என்று நானே கிட்டப் போய்ப் போட்டுவிட்டேன். வாடை முகத்தில் அடித்தது. அவன் "அப்பா, எனக்குத் தல சுத்துது" என்றான். போதகர் காதில் விழுந்துவிடுமோ என்றுதான் முதலில் பயந்தேன். பத்து மணிக்குள் ஒரு தீர்ப்பு நகலை நான் கொடுத்தாக வேண்டும். "மொகத்தக் கழுவிட்டு அவளக் கொண்டு விட்டுட்டு வந்து படு" என்றேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவன் குடித்திருந்தது தெரியுமா என்று கோர்ட்டில் கேட்டார்கள். தெரியாது என்றேன். அவன் எதிர்க் கூண்டில் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

ஆறு வருடமாக நான் அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தது அவன் குற்றத்துக்காக அல்ல. பார்த்தால் அவன் சொல்லிவிடுவான் என்று பயந்தேன். என் மகளே, நான்தான் உன்னை அந்த வண்டியில் ஏற்றினேன்.

மார்ச் 13

பழைய சிநேகிதர் வக்கீல் பொன்னையாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்ச் சாட்சி சொன்னதற்கு என்மேல் வழக்குப் போட முடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வழக்கு முடிஞ்சுபோச்சு, தண்டனையும் முடிஞ்சுபோச்சு. இத்தன வருசம் கழிச்சு இதக் கிண்டுறதுக்கு எவன் வருவான்? வீட்டுக்குப் போங்க வேய். உம்மள இனி ஒருத்தனும் ஒண்ணும் செய்யப்போறதில்ல."

நல்ல செய்தி மாதிரி சொன்னார்.

மார்ச் 16, சனி

செங்கோட்டை போய்வந்தேன். இரண்டு பஸ். மரக்கடையில் தேக்குக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் அவனைப் பின்பக்கத்திலிருந்தே கண்டுகொண்டேன். ஒரு தோள் இறங்கியிருந்தது. மரத்தூளுக்காக முகத்தில் துண்டு கட்டியிருந்தான்.

"கிளாட்சா" என்றேன்.

கை அப்படியே நின்றது. திரும்பவில்லை.

"திரும்பலேன்னு தப்பா நெனைக்காதீங்கப்பா. உங்க மொகத்துல முழிக்க மாட்டேன்னு அம்மா தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன்."

வரும் வழியெல்லாம் பேசிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்கு நீ குடிச்சிருந்தது எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்குத் தெரியும்பா. பொத்தானப் போட்டு விட்டீங்களே."

"அப்பம் ஏன்ல கோர்ட்டுல சொல்லல?"

ஒரு கட்டையைத் தூக்கி அடுக்கின்மேல் வைத்தான். விளிம்பைச் சரிசெய்தான்.

"ரெண்டு பேரும் போயிட்டா அம்மா யார்கூட இருப்பா?"

பக்கத்தில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை நின்றேன். அவனைத் திரும்பச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"என் மொகத்தப் பாக்க உனக்கு இஷ்டமாடே?" என்று கேட்டேன்.

அவன் தோள் மட்டும் குலுங்கியது.

"இப்பம் முடியலப்பா" என்றான். "நாலரைக்குத் தென்காசி பஸ் இருக்கு. அதுல போங்க. அம்மா தனியா இருப்பா."

வந்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

தாளைச் சுகிர்தம் டீச்சரிடம் கொடுத்து, இதை எழுதியவன் கிளாட்சன், பதிவேட்டில் அவன் பெயரைப் போடுங்கள் என்றேன். தாளை வெளிச்சத்தில் பிடித்து, மற்ற தாள்களோடு வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கைதான அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். இது என் கைய விட நல்ல கை."

அவர் பதிவேட்டைத் திறந்து பெயரை எழுதினார்.

மார்ச் 18

ரூபவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், வாடை, கோர்ட்டு எல்லாம். அவள் அடுப்பை அணைத்தாள். அப்புறம் நெடுநேரம் சுவரில் இருந்த ஹெப்சியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

என் பாயையும் தலையணையையும் மாத்திரைப் பெட்டியையும் தாள்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். படியில் நின்று சொன்னேன்: "அவன் கீழ வரட்டும். வீடு அவனுக்கும் உனக்கும். நான் மேல இருந்துக்கிடுதேன். அவன் மொகத்துல நான் முழிக்க மாட்டேன்னு சொல்லு."

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் 19

சாப்பாட்டுத் தட்டைப் படிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 21

பதினெட்டாம் அதிகாரம் முடிந்தது. மகன் அப்சலோம் செத்த செய்தி கேட்டு ராஜா மாடி அறைக்கு ஏறிப்போய் அழுகிறார். மாடி என்றுதான் இருக்கிறது. அது தெரிந்து நான் இங்கே ஏறவில்லை. அழும்போது ஒரே வசனத்தில் ஐந்து தடவை என் மகனே என்கிறார். அவன் உயிரோடு திரும்பி வந்து வாசலில் நின்றபோது ஒரு தடவைகூட அவர் அப்படிக் கூப்பிட்டதாக எழுதியிருக்கவில்லை. முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன்.

என் மகன் உயிரோடு இருக்கிறான். ஐந்து தடவை சொல்லிக்கொண்டேன். வசனத்தைப் பிழையில்லாமல் எழுதினேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஆராதனைக்கு நான் பின்வரிசை. பன்னிரண்டு மணிக்கு வெளிப்படி ஏறி வந்து படுத்தேன். கீழே கேட் திறந்தது. இரண்டு குரல். ஒன்று ரூபவதி. மற்றது தாழ்ந்த குரல்.

என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. தரையில் காதை வைத்துப் பார்த்தேன். நாற்காலி இழுபடும் சத்தம், தட்டு வைக்கும் சத்தம். மீன் குழம்பு வாசனை மேலே வந்தது. ரூபவதி ஒரு முறை சிரித்தாள். ஆறு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. அதைக் கெடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தவன் நான்தான் என்பது மேலே இருந்து கேட்கும்போதுதான் தெரிகிறது.

தட்டோடு அவள் படியேறி வந்தாள். இன்று கையில் கொடுத்தாள். கொஞ்சம் நின்றாள்.

"அப்பா மாத்திரை போட்டாச்சான்னு கேக்கான்."

இருபது மாதம் பதில் சொல்லாத கேள்வி. போட்டாச்சு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"இன்னும் போடலன்னு சொல்லு" என்றேன். அதுதான் உண்மை.

அவள் இறங்கிப் போனாள். கீழே பேச்சு நின்றது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். சோறு ஆறிவிட்டது. மாத்திரையைப் பிரிக்கவில்லை.